அவளுக்கு வர்ற ஒரே பாட்டு

ஆமாம்மா, பாட்டு மட்டும் வருது. தண்ணி வேணும்னு கேக்க வராது. அவ பேரைக் கேட்டா அதுவே வராது. ஆனா சாயங்காலம் விளக்கை ஏத்தி முன்னால வச்சா, நாலு வரியும் பிசிறில்லாம வந்துடும். மொதல் நாள் என் கொழுந்தனுக்கு அழுகையே வந்துடுச்சு, பொண்டாட்டிக்குப் பேச்சு திரும்பிடுச்சுன்னு. பாட்டு முடிஞ்சதும், உனக்கு என்ன வேணும்னு கேட்டாரு. மறுபடி 'ப, ப'ன்னுதான் வந்துது.

இல்லல்ல, தூங்கறா. எந்திரிக்க அரை மணி நேரம் ஆகும். நீங்க இப்படி சமையக்கட்டுலயே உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. கதவை மட்டும் லேசா சாத்திடறேன்.

பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்க நீங்க, சொன்னது புரியாம இல்ல. பேச்சு இருந்த எடம் அடிபட்டுடுச்சு, பாட்டு வேற எடத்துல இருக்கு, அந்தப் பாட்டைப் பிடிச்சுக்கிட்டே ஒவ்வொரு சொல்லா வெளிய இழுக்கலாம். அதுக்குத் தெனமும் ஒருத்தர் எதிர்ல உக்காந்து, கூடவே பாடி, நடுவுல நிறுத்தி, மிச்சச் சொல்லை அவளையே சொல்ல விடணும். அந்த ஒருத்தர் நானா இருந்தா நல்லதுன்னு சொல்றீங்க. அதுக்குத்தான் வேற ஆள் பார்க்கலாமான்னு கேட்டேன்.

நேரம் இல்லாமல்லாம் இல்லம்மா. நான் கண்ணாடிக் கடையில ஃபிரேமுக்கு லென்ஸ் மாட்டறவ, நாலரைக்கெல்லாம் விட்டுடுவாங்க. சலிப்பும் இல்ல. ஆஸ்பத்திரியிலேருந்து இங்க கூட்டிட்டு வந்ததுலேருந்து நான்தான் குளிப்பாட்டறேன், ஊட்டறேன், தலை வாரி விடறேன், ஒண்ணும் கஷ்டமாத் தெரியல. பாட்டு ஆரம்பிச்சாதான் எந்திரிச்சு வெளிய வந்துடறேன். நீங்களும் கவனிச்சுட்டீங்க, இல்ல?

அக்கா தங்கச்சின்னா நெனைச்சீங்க? நிறைய பேரு அப்படித்தான் நெனைக்கறாங்க. அவ என் ஓரகத்தி. அண்ணன் பொண்டாட்டி நான், தம்பி பொண்டாட்டி அவ. பன்னண்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். பஸ் ஸ்டாண்டுல மைக்குல அறிவிப்பு சொல்லுவாங்களே, அந்த வேலைதான் அவளுக்கு. வீட்டுலயும் அதே குரல்தான். பயணிகள் கவனத்துக்கு, குளிக்கப் போனவர் இன்னும் வெளியே வரவில்லை, அடுத்தவர் காத்திருக்கவும்னு கூடத்துல நின்னு சொல்லுவா. எங்க மாமியாருக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துடும். மைக்குன்னுதான் கூப்பிடுவாங்க அவளை.

அந்தப் பாட்டும் எங்க மாமியார் தானே கட்டினதுதான். புஸ்தகத்துல எல்லாம் இருக்காது. வெளிச்சமே, வந்து உக்காரு. உள்ள இருக்கறவங்களை நல்லா வையி. வெளிய போனவங்களை வழி காட்டிக் கூட்டிட்டு வா. வராம போனவங்களையும் மறந்துடாத. அவ்வளவுதான். அது முடிஞ்சதும் வீட்டுல ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி, நல்லா இருக்கணும், நல்லா இருக்கணும்னு கும்பிடணும். விளக்கை ஏத்தறது மூத்த மருமக நான். பாடறது சின்னவ. அப்படித்தான் அவங்க பிரிச்சு விட்டிருந்தாங்க. எனக்கு அதுல உள்ளுக்குள்ள ஒரு இது உண்டு, பொய் சொல்லக் கூடாது. திரியைத் திரிச்சு, எண்ணெய ஊத்தி, எல்லாம் நான் பண்ணுவேன். பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் அவளைத்தான் பார்ப்பாங்க.

மாமியார் போனப்புறம் கொழுந்தனும் அவளும் ரெண்டு தெரு தள்ளித் தனி வீடு பார்த்துக்கிட்டாங்க. விளக்கு என்கிட்டயே இருந்துடுச்சு. மாமியார் போயி ஒரு வருஷம் ஆனப்ப சொந்தக்காரங்க எல்லாரும் இங்க கூடியிருந்தாங்க. அன்னைக்கு விளக்கை ஏத்திட்டு நானே பாடினேன். என் வீடு, என் விளக்கு, பாடினா என்னன்னு ஒரு எண்ணம். ரெண்டாவது வரியில குரல் எங்கயோ போயிடுச்சு. இவ பின்னாலேருந்து அறிவிப்புக் குரல்ல, பயணிகள் கவனத்துக்கு, பாட்டு தடம் மாறிச் செல்கிறதுன்னா. கூடம் முழுக்கச் சிரிச்சுது. என் வீட்டுக்காரரும் சிரிச்சாரு.

விளையாட்டாத்தான் சொன்னா. எனக்குத் தெரியும். அப்பவும் தெரியும். ஆனா அன்னைக்கோட அவகூடப் பேச்சை நிறுத்திட்டேன். ஒண்ணரை வருஷம். அவ வாசல்ல வந்து நின்னா நான் பின்கட்டுல துணி காயப்போடப் போயிடுவேன். போன் பண்ணுவா, நான் எடுக்க மாட்டேன். அக்கா, மன்னிச்சுக்கங்கன்னு எழுதி அனுப்பினா. படிச்சுட்டு வச்சுட்டேன்.

இதையும் சொல்லிடறேன். விளக்கு ஏத்தி எல்லார் பேரையும் சொல்லுவேனே, அவ பேரை விட்டுட்டேன். கொழுந்தன் பேரு வரும், பக்கத்து வீட்டுக்காரங்க பேரு கூட வரும், அவ பேரு வந்தா வாயை மூடிக்குவேன். ஒண்ணரை வருஷமும் அப்படித்தான்.

அதனாலயா இப்படி ஆச்சு, அப்படியெல்லாம் இல்லம்மான்னு நீங்க சொல்லுவீங்க. எனக்கும் அது தெரியும். பேரை விட்டா ரத்தக்குழாய் அடைச்சுக்குமா? அதுக்காகவா நான் வெளிய எந்திரிச்சுப் போறேன்? இல்லம்மா.

இவ விழுந்த அன்னைக்குக் கொழுந்தன் வெளியூரு. அவ வேலை முடிஞ்சு வந்து முகம் கழுவப் போயிருக்கா, வலது கை மரத்துப் போயிருக்கு. எடது கையாலயே போன் பண்ணியிருக்கா. பக்கத்துல இருக்கறது நான்தானே. மூணு தடவை அடிச்சிருக்கா. அப்புறம் அங்கயே விழுந்துட்டா. குழாய் தொறந்தே கிடந்து, தண்ணி கதவுக்கு அடியில வழிஞ்சு, படியில எறங்கி, கீழ் வீட்டுத் தையல்காரர் பார்த்து ஓடி வந்து கதவை ஒடைச்சப்ப முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு. ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்கன்னுதான் உங்க ஃபைல்லயே இருக்கே. கொஞ்சம் முன்னால வந்திருந்தா பேச்சைக் காப்பாத்தியிருக்கலாம்னு.

ஏன் எடுக்கலைன்னு என்னை ஒருத்தரும் கோவமாக் கேக்கல. என் வீட்டுக்காரர்தான் கேட்டாரு, அதுவும் மெதுவா. விளக்கு ஏத்திட்டிருந்தேன், கண்ணை மூடிக் கும்பிட்டுட்டிருந்தேன், போன் உள் ரூம்ல இருந்துதுன்னு சொன்னேன். அவரே எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. கொழுந்தன் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அண்ணி, நீங்க அந்த நேரத்துல கும்பிட்டுட்டிருந்ததாலதான் இவ உசுரோட இருக்கான்னாரு. இவளுக்கும் அதைச் சொல்லி வச்சிருக்காரு. அதான் பாடி முடிச்சதும் ஒவ்வொரு நாளும் என்னைத் தேடறா. நல்லா இருக்கற அந்த எடது கையால என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கறா. நான் எப்படிம்மா அங்க உக்காருவேன்?

கும்பிட்டுட்டிருந்தா எடுக்க முடியாதுதான், சரி. நீங்களும் அதையேதான் சொல்றீங்க.

போன் என் கையிலதான்மா இருந்துது. ஒரு கையில போன், ஒரு கையில தீப்பெட்டி. இன்னும் ஏத்தல. 'சின்னவ'ன்னு பேரு வந்துது, பார்த்தேன். அடிச்சு நிக்கட்டும்னு நின்னேன். ரெண்டாவது தடவையும் அப்படியே. மூணாவது தடவை ரொம்ப நேரம் அடிச்சுது. ஏதோ அவசரமா இருக்குமோன்னு தோணுச்சு. தோணாம இல்ல. அது நின்னப்புறம், நாளைக்குக் கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். அப்பதான் குச்சியக் கிழிச்சு விளக்க ஏத்தினேன்.

இல்ல, யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் சொல்றேன்.

இருங்க, எந்திரிச்சுட்டா போல இருக்கு, கட்டில் சத்தம் கேக்குது. நான் உக்காரறேன்மா. இன்னையிலேருந்து நானே எதிர்ல உக்காந்து கூடப் பாடறேன். எங்க நிறுத்தணும்னு நீங்க காட்டிக் குடுங்க. ஒரு வருஷமானாலும் பண்றேன். அவளுக்குப் பேச்சு வந்தாகணும். அந்தப் போன் விஷயத்தை இப்பவே அவகிட்டப் போய்ச் சொல்லிடலாம்தான். ஆனா திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாதவகிட்டச் சொல்லிட்டு வர்றது எனக்கு ரொம்ப வசதியாப் போயிடும். மொதல்ல பேசட்டும். அப்புறம் சொல்றேன். என்னைத் திட்டறதுக்கு அவளுக்கு வாய் வேணும்ல.