முன்னால் நிற்கும் முகம்

ரொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள், ஐயா. நிமிர்த்தி வைக்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். கவிழ்ந்த ரொட்டி வீட்டுக்கு ஆகாது என்பாள் என் அம்மா. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தேநீர் நன்றாக இருக்கிறது. கேளுங்கள், சொல்லிவிடுகிறேன்.

நாரின் ஊரில் எங்கள் கல் பட்டறையைத் தெரியாதவர் யார்? கறுப்புக் கல்லில் இறந்தவர் முகத்தைப் பொறித்துத் தருகிறோம். உங்கள் அப்பாவின் முகத்தைக் கூட நான்தான் தயார் செய்தேன். உயிரோடு இருந்தவரை அவர் கோட்டு போட்டதே இல்லை என்று சொல்லிவிட்டு அழுதீர்கள். அந்தக் கோட்டு நான் எழுதிய கணினி நிரல் மாட்டியது.

நம் ஆட்கள் தனியாகவா படம் எடுத்துக்கொள்கிறார்கள்? கல்யாணம், விருந்து, சுற்றிலும் பத்துப் பேர். அதில் ஒருவர் போய்விட்டால் அந்தப் படத்தைத்தான் கொண்டு வருவார்கள். வாங்கி வைப்பது பட்டறையில் வேலை செய்யும் பூருல் அக்கா. கணினியில் ஏற்றி, இறந்தவரின் தலையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டுத் தருவாள். முன்பெல்லாம் ஒரு முகத்தை வெட்டி எடுத்து, மடிப்பும் கறையும் துடைத்து முடிப்பதற்குள் எனக்குக் கண் பூத்துவிடும். அதனால்தான் அந்த நிரலை எழுதினேன். படங்களை மொத்தமாக ஒரு ஃபோல்டரில் போட்டால் போதும். அதுவே கறையைத் துடைக்கும், முகத்தைத் தேடும், பக்கத்தில் இருப்பவர்களை நீக்கும், ஆணுக்குக் கோட்டும் பெண்ணுக்குத் தலைத்துணியும் போட்டுப் பொறிக்கும் இயந்திரத்துக்கு அனுப்பிவிடும்.

முதலாளி சமுதீன் அண்ணனுக்கு ஒரே குஷி. "செத்தவனுக்கெல்லாம் கோட்டு மாட்டி விடுறே. உயிரோட இருக்கிற எனக்கும் ஒண்ணு மாட்டி விடுடா" என்பார்.

தவறு ஒன்றே ஒன்று. முதலில் கறையைத் துடை, பிறகு முகத்தைத் தேடு என்று எழுதியிருந்தேன். அக்காவின் சிவப்பு வட்டமும் அதற்குக் கறைதான். வட்டம் போய்விட்டால், இருப்பதில் பெரிய முகத்தை எடுத்துக்கொள்ளும். நம் வழக்கத்தில் பெரியவர்களைத்தானே முன்னால் நடுவில் உட்கார வைக்கிறோம். அதனால் எடுத்ததெல்லாம் சரியாகவே அமைந்தது. எனக்கும் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை.

இறந்துபோன காசிமலி பெரியவர் படத்தில் மாட்டிக்கொண்டேன். விருந்தில் எடுத்தது. அவருடைய தம்பி எசென்குல் ஆட்டுத்தலைத் தட்டை நீட்டிக்கொண்டு கேமராவை நோக்கிக் குனிந்திருந்தார். அவர் முகம்தான் பெரிது. அவர் இறந்து ஒரு வருஷம் ஆன விருந்தன்று ஊரே கூடி நிற்க, கல்லின் மேலிருந்த துணியை எடுத்தார்கள். அண்ணன் பெயருக்குக் கீழே உயிரோடு இருக்கும் தம்பியின் முகம், கோட்டு போட்டுக்கொண்டு.

எசென்குல் சிரித்தார். "எனக்கு இப்பவே இடம் புடிச்சு வச்சுட்டீங்களா, பாவிகளா" என்றார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு விருந்தில் அவர் கை வைக்கவில்லை. அப்புறம் வீட்டிலும் சாப்பாடு இறங்கவில்லை. பனி உருகுமுன் அவரையும் அண்ணன் பக்கத்திலேயே புதைத்தார்கள். மருத்துவருக்கு நோய் ஒன்றும் பிடிபடவில்லை. பயம்தான் என்று ஊர் சொன்னது. பயத்தால் ஆள் சாவான் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

எசென்குலின் மகன்கள் இரண்டு பேரும் பட்டறைக்கு வந்து, யார் செய்தது என்று கேட்டார்கள். நான் படத்தைத் திறந்து காட்டினேன். வட்டம் இல்லை. கறை துடைத்த படத்தை நிரல் பழைய படத்தின் மேலேயே எழுதிவிடும், பழையதை வைத்துக்கொள்ளாது. அக்கா வட்டம் போட மறந்துவிட்டாள் என்றேன். அது பொய் என்று சொல்ல மாட்டேன். படத்தில் வட்டம் இல்லைதானே?

அவர்கள் போனபின் அக்கா என் அறைக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, நான் வட்டம் போட்டேன்னு உனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு அந்தப் பசங்க திரும்ப வருவாங்க. நீயா சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

அந்தப் பையன்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா, ஐயா? குதிரையையே இழுத்து நிறுத்தும் கை. எனக்குத் தூக்கம் போயிற்று. அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான். இதையெல்லாம் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நவ்ரூஸ் புத்தாண்டு விருந்தில் பட்டறை ஆட்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. அக்கா முன்னால் நின்று சிரிக்கிறாள். அதை ஃபோல்டரில் போட்டேன். அவ்வளவுதான். முகத்தைத் தேர்ந்தெடுத்ததும் தலைத்துணி போட்டதும் நிரல். பொறித்தது இயந்திரம். பிறந்த வருஷம், ஒரு கோடு, இந்த வருஷம் என்று கீழே சேர்த்தது மட்டும் நான். முதலாளி கல் வாங்க பிஷ்கெக் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா பனியில் நனைந்து வந்தாள். "கோட்டைக் குடுங்கக்கா, என் ரூம்ல ஹீட்டர் இருக்கு, காயட்டும்" என்றேன்.

"நல்லா இரு தம்பி" என்று கழற்றிக் கொடுத்தாள். இதய மாத்திரையை அவள் அந்தக் கோட்டுப் பையில்தான் வைத்திருப்பாள். பட்டறையில் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு கல் கொட்டகைக்குப் போனாள். தினமும் காலையில் துணிகளை எடுத்துக் கற்களைத் துடைப்பது அவள் வேலை. அவள் முகம் பொறித்த கல்லைத் துணி மூடி வாசலுக்கு நேராக நிறுத்தியிருந்தேன்.

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "தாலாய், கோட்டு... தாலாய்." கோட்டு என் முழங்காலுக்கு எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. இயந்திரம் ஒரு முகத்தைப் பாதி பொறித்திருந்தது, நடுவில் விட்டுப் போனால் கல் கெட்டுவிடும். அது முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தபோது கூப்பிடுவது நின்றிருந்தது.

ஆமாம், நான்தான் கொன்றேன். அப்படித்தான் எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு படத்தைப் பார்த்து யாராவது சாவார்களா? அவர்கள் பயந்தவர்கள். நான் படித்தவன்.

படம் எடுப்பவர் வந்துவிட்டாரா? சுவரோரமாக நிற்க வேண்டுமா? நிற்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. படத்தில் நான் மட்டும் தனியாக இருக்க வேண்டாம். நீங்களும் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் முன்னால்.