நற்கருணையின் ருசி

பிப்ரவரி 15, ஞாயிறு, காலை 6.10, இளம்பனி. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்து. என் முன் இருக்கையில், மாதா கோயில் பூசைக்குப் போகிற இரண்டு பெண்கள்.

"நற்கருணை அப்பத்தோட ருசியே மறந்துபோச்சுக்கா," என்றாள் இளையவள்.

"அதுல என்னட்டி ருசி? காயிதம் மாதிரி நாக்குல ஒட்டும்."

"ஒங்களுக்கு வாராவாரம் கிடைக்கு. கோயில்ல மந்திரிக்காத கல்யாணம்னு எனக்குப் பதினோரு வருசமா கிடையாது."

"ஒம்மாப்பிள்ளை ஒருநாள் வந்து சாமியார் முன்னால சம்மதம் சொன்னா முடிஞ்சுது."

"வாரேன் வாரேங்காரு. பெருமாள் கோயிலுக்குப் போற வீடு. அவுக அம்மா இருக்கமட்டும் வரமாட்டாரு."

மூத்தவள் அவள் முந்தானையைப் பனிக்குத் தலைமேல் இழுத்துவிட்டாள்.

"நீங்க வாங்கிட்டு வந்து எம்பக்கத்துல செத்த நேரம் உக்காருங்கக்கா. அது போதும்."

நான் இறங்கவேண்டிய நிறுத்தம் எப்போதோ போயிருந்தது. திரும்பி வர ஆட்டோவுக்கு எழுபது ரூபாய்.