மலைச் சரிவில் ஓர் ஊர்

துறைமுக வீதியில் கப்பல்துறை பஸ்ஸுக்காக நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் போனைத் தட்டியபடி தோழியிடம் சொன்னாள்:

"மலையில ஊர் கட்ட விடுகுதில்லையடி. நிலம் சரிவாம்."

தோழி எட்டிப் பார்த்தாள். "அந்த கேமிலயோ? எல்லாரையும் போலச் சமதரையில கட்டன்."

"ஏன் கட்டோணும்? அங்கயிருந்து கடல் தெரியாது. ஊர் மண்டபம் வைக்கத்தான் ஏலாது. தனி வீடு வைக்கலாம். நான் வச்சிட்டன். அதைப் பார்த்திட்டு வேற ஆக்களும் பக்கத்தில வச்சிட்டினம்."

"மண்டபம் இல்லாட்டி வரைபடத்தில ஊரெண்டு பேர் வராதே."

"வராட்டிப் போகட்டும். நேற்று கார்த்திகை விளக்கீட்டுக்கு அந்த மலை முழுக்க வாசல் வாசலா விளக்கு வச்சனாங்கள்."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பிச் சொன்னாள்:

"பேர் இருக்கிற ஊர்க்காரர் எல்லாரும் கீழ நிண்டு, அது எந்த ஊர் எண்டு கேட்டவை."