ஹாலாஸ்யம் சாரின் படகு டிக்கெட்

வெளிநாடு போகிற மதுரைக்காரர்கள் பாஸ்போர்ட்டை மறந்தாலும் மறப்பார்கள், புளிக்காய்ச்சலை மறக்க மாட்டார்கள். அந்தப் புளிக்காய்ச்சலோடு கூடவே போகிறவன் நான். பெயர் சாய்ராம், வீடு சிம்மக்கல். கல்யாணம், சீமந்தம் என்று கரண்டி பிடித்துக்கொண்டிருந்தவனை ஒரு டூர் கம்பெனி அழைத்துக்கொண்டது. நம் ஜனங்கள் பாரிஸுக்கே போனாலும் மத்தியானம் ரசம் சாதம் கேட்பார்கள். அதனால் குழுவோடு ஒரு சமையல்காரரையும் அனுப்பிவைப்பது வழக்கம்.

நிறைய நாடு சுற்றியவன் என்று தெருவில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. உண்மையில் நான் பார்த்ததெல்லாம் அந்தந்த நாட்டு ஹோட்டல்களின் பின்கட்டுதான். ரோமில் பாத்திரம் கழுவும் தொட்டி நல்ல ஆழம். கம்போடியாவில் குழாயில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரும். கோயில், கோட்டையெல்லாம் மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்து, சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே எனக்கு வர்ணிப்பார்கள். வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக யார்மேலும் கோபப்படுகிற ஆள் கிடையாது நான்.

போன வருஷம் கிரீஸ். கடலும் தீவும் இடிந்த கோயிலுமாகக் கிடக்கிற நாடு. ஏதென்ஸில் மலைமேல் இருக்கும் பெரிய கோயிலை ஹோட்டல் ஜன்னல் வழியாக, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். அப்புறம் தீவு தீவாகக் கப்பல். முதல் தீவில், எங்கள் குழுவில் வந்த பட்டு மாமிக்குக் கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாமல் தலை சுற்றிப் படுத்துவிட்டார். எங்கள் மேனேஜர் சூரியபிரகாஷ் அடுப்படிக்கு வந்தான்.

"அண்ணே, மாமி டிக்கெட்டு சும்மா கெடக்கு, நீங்க வாங்கண்ணே. இம்புட்டுத் தூரம் வந்துட்டு அடுப்பையே பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றான். தங்கமான பையன்.

போனேன். எரிமலைச் சாம்பலில் புதைந்து, பிறகு தோண்டி எடுத்த ஊர் அது. தெரு இருந்தது, மாடிப்படி இருந்தது, தானியம் கொட்டிவைக்கும் ஆளுயர ஜாடிகள் இருந்தன. யாரோ ஒரு சமையல்காரன் நிரப்பிவிட்டுப் போன ஜாடிகள். அதன் முன்னால் நின்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம் என் வாழ்க்கையில் அதுவரை கிடையாது.

அடுத்த தீவிலும் யாருக்காவது முடியாமல் போனால் தேவலை என்று தோன்றியது. மனிதனுக்கு ஆசை வருவது இயற்கைதானே. ஆனால் எல்லாரும் கிண்ணென்று இருந்தார்கள். ஊர் மாறினால் பெரியவர்களுக்கு வயிறு கட்டிக்கொள்ளும் என்பதால் நான் எப்போதும் நிலாவாரைப் பொடி வைத்திருப்பேன். அதைக் காபியில் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்தால் ஆள் மறுநாள் அறையைவிட்டு வெளியே வர முடியாது. அவ்வளவுதான். தீவுக்கு ஒருத்தர் என்று வைத்துக்கொண்டேன். ஒரே ஆளுக்கு மறுபடியும் போகாமல் கவனமாக இருந்தேன், பரிமாறுவதில் நான் என்றைக்கும் பாரபட்சம் பார்த்ததில்லை. அவர்களுக்கும் பெரிய நஷ்டமில்லை. ஏசி அறையில் ஓய்வு, என் கையால் மோர் சாதம்.

இப்படியே போய்க் கடைசியில் டெலோஸ் வந்தது. ஆள் குடியில்லாத தீவு, முழுக்க இடிபாடு. காலையில் படகில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பிவிட வேண்டும்.

அந்தத் தீவைப் பற்றி எனக்குச் சொன்னவர் ஹாலாஸ்யம் சார். பசுமலையில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, எழுபதைத் தாண்டியவர். படு மடி. என் கை படாத எதையும் வாயில் வைக்க மாட்டார், வெளித் தண்ணீர்கூட. பயணம் முழுக்க டெலோஸ் புராணம்தான். "சாய்ராம், அங்கே வரிசையா பளிங்குச் சிங்கம் உக்காந்திருக்கும்டா. நாப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டியே ஓட்டிட்டேன். அதை ஒரு தடவை நேர்ல பார்த்துட்டா போதும்." அவர் சொல்லிச் சொல்லித்தான் எனக்கும் அந்தச் சிங்கங்கள்மேல் ஆசை வந்தது. அந்த வகையில் நடந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

யாரைப் படுக்கவைப்பது என்று நிறைய யோசித்தேன். இன்னும் முறை வராதவர்கள் ஒரு புது ஜோடியும் சாரும்தான். தேனிலவுக்கு வந்த பிள்ளைகள், பாவம். சார் படத்திலாவது பார்த்திருக்கிறார், நான் அதுவும் இல்லை. நியாயமாக யோசித்தால் யாரும் இந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

மாலைக் காபியில் கொடுத்தேன். ஆனால் மறுநாள் காற்று பலமாக அடித்ததால் படகு போகவில்லை. சார் நாள் முழுக்கக் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்து துவண்டுபோனார். சூரியபிரகாஷ் மருந்துக் கடையிலிருந்து உப்புக் கரைசல் வாங்கி வந்தான். "அதுல என்ன கலந்திருக்கோ, வேண்டாம்ப்பா. சாய்ராம் இருக்கான், அவன் பார்த்துப்பான்" என்று தள்ளிவிட்டார். டாக்டரை அழைப்பதற்கும் சம்மதிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த காலை காற்று அடங்கிவிட்டது. நான் டிபன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது சார் வந்து நின்றார். குளித்து, விபூதி பூசி, ஷூ மாட்டியிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. முகம் மட்டும் சின்னப் பிள்ளைபோல மலர்ந்திருந்தது.

"தவழ்ந்தாவது வந்துடுவேன் சாய்ராம். உன் கையால ஒரு கஷாயம் கொடு, தெம்பா நடந்துடுவேன்."

சுக்கு, மிளகு, சீரகம் தட்டிப்போட்டு, பனங்கற்கண்டு சேர்த்துக் கஷாயம் வைத்தேன். பொடியையும் சேர்த்தேன். காபியில் போட்டதைவிட அதிகம், படகு கிளம்ப நேரம் குறைவாக இருந்ததே. சார் ஊதி ஊதிக் குடித்தார். "அமிர்தம்டா" என்றார்.

படகுத்துறைக்கு அவர் வரவில்லை. அவர் டிக்கெட் என்னிடம் வந்தது.

சிங்கங்கள் அவர் சொன்னபடியே இருந்தன. மூக்கு மழுங்கி, வாயைத் திறந்துகொண்டு, வெயிலில் வரிசையாக. அவர் எங்கே நின்று பார்த்திருப்பாரோ அங்கே நின்று பார்த்தேன், அவருக்குக் காட்ட வேண்டுமென்று நிறையப் படம் எடுத்தேன். திரும்பி வந்தபோது ஹோட்டல் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. உடம்பில் நீர் வற்றிப்போய் இதயம் நின்றுவிட்டதாம். வயதும் வெயிலும் காரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள், அதில் குறுக்கிட எனக்கு என்ன படிப்பு இருக்கிறது? படங்களைக் காட்ட முடியவில்லையே என்று மனசு கஷ்டப்பட்டது.

பசுமலை வீட்டில் பதின்மூன்றாம் நாள் சமையலும் நான்தான். அப்பாவுக்குக் கடைசியாகச் சமைத்துப் போட்ட கை என்று அவர் மகள் மைத்ரேயி என்னைத்தான் வரச் சொன்னாள். சாப்பாடு முடிந்ததும் தனியாக வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்களாவது அந்தச் சிங்கத்தைப் பார்த்தேளா?"

போனில் ஒவ்வொரு படமாகக் காட்டினேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அப்பா டிக்கெட் வீணாகலை. அது போதும் மாமா" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுப்பது மரியாதையில்லை என்று கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வருகிற மாதம் எகிப்து. ஆள் சேர்ந்தாகிவிட்டது, நானும் சாமான்களெல்லாம் வாங்கிவிட்டேன். எழுபது தாண்டியவர்களுக்கு இந்தத் தடவை பாதிப் பொடிதான். எனக்கும் மனசாட்சி இருக்கிறது.