அறுபதாம் நம்பர் ஆக்சில்

— இந்த ராட்சசனை யாரு தூக்கிட்டு வரச் சொன்னது? உன்னைத்தான் கேக்குறேன் வெண்டல்!

— கத்தாதே மார்வா. பெரிய பிக்கப் வண்டியோட முன் சக்கரம் ரெண்டையும் தாங்குற ஆக்சில் இது, இருக்குறதுலயே தடிச்ச அறுபதாம் நம்பர். பழைய வண்டி ஒடைக்கிற எடத்துல கெடச்சுது. நம்ம ஜீப்புல மாட்டிட்டா ஜென்மத்துக்கும் முறியாது.

— நாப்பத்திநாலாம் நம்பர் மாட்டினாலே தாராளம்னு உன்கூட ஜீப் ஓட்டுற கிப் சொன்னானே?

— கிப் சொன்னான், கிப் சொன்னான்! நீ கிப்பையே கட்டியிருக்க வேண்டியதுதானே.

— கட்டியிருந்தா கூப்பிட்டவுடனே வந்து சாப்பிட்டிருப்பான். வீட்டுக்குள்ள சீஸ் போட்ட உருளைக்கிழங்கு ஆறி, கல்லாக் கெடக்கு. நீ இங்க ஷெட்டுல இரும்பைத் தடவிக்கிட்டு நிக்கிற. இதோட வயித்தைப் பாரு, என்னமா தொங்குது! நம்ம மோவாப் ஊர்ப் பாறையில இதை வச்சுக்கிட்டு ஏறினா ஒவ்வொரு கல்லுலயும் முட்டும்.

— டயரைப் பெருசாக்கினா முட்டாது.

— ஆமாமா. ஆக்சிலுக்காக டயரு, டயருக்காக ஸ்டியரிங்கு, ஸ்டியரிங்குக்காக வீட்டை வித்துடு. நாம ரெண்டு பேரும் ஜீப்புலயே குடும்பம் நடத்தலாம்.

— கிண்டலை விடு. பனி உருகினதுலேருந்து ஆக்சிலுக்குள்ள சுத்துற ஷாஃப்ட் எத்தனை முறிஞ்சு போச்சுன்னு தெரியுமில்ல?

— ஷாஃப்ட் தானா போச்சா? நீ ஒடைச்ச! வீலை ஒரு பக்கமா முழுசாத் திருப்பி வச்சுக்கிட்டு அந்த மிதி மிதிச்சா, அறுபது என்ன, ரயில் ஆக்சிலே முறியும். இது நேத்து வண்டி பழகின பையனுக்கே தெரியும். முந்தியெல்லாம் ஆக்சிலேட்டர் மேல முட்டை வச்சாக்கூட ஒடையாம ஓட்டுவ நீ. அப்படி ஓட்டின ஆளு! இப்ப என்ன கேடு வந்துச்சு உன் காலுக்கு?

— காலைப் பத்திப் பேசாதே.

— பேசுவேன். ஆக்சிலைக் குத்தம் சொல்லாதே. காலை அடக்கு. அதுக்குக் காசும் வேண்டாம், இந்த ராட்சசனும் வேண்டாம்.

— அட போம்மா! வெல்டிங் மெஷினை அந்தப் பக்கம் தள்ளிட்டு, நீயும் நவுரு.

— நவுருறேன், நவுருறேன். உனக்கு இப்ப அது ஒண்ணுதானே வாயில வருது. போன சனிக்கிழமை அந்த நரிப்படிப் பாறை ஏத்தத்துக்கிட்ட என்ன பண்ணின நீ?

— அதை விடு.

— எப்படி விடறது? கல்யாணம் ஆன நாள்லேருந்து உன் வண்டிக்கு முன்னாடி வழி காட்டிக்கிட்டே பின்னோக்கி நடந்து நடந்தே என் முட்டி தேஞ்சு போச்சு. மத்தவன் வண்டிக்கு நாலு பேரு நின்னு நாலு திசையில கை காட்டுவாங்க. உன் வண்டிக்கு நான் ஒருத்திதான். "மார்வாவோட கையை மட்டும்தான் பாப்பேன்"னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டவன் நீ. பீத்திக்கிட்டியா இல்லையா?

— பீத்திக்கிட்டேன்.

— அப்பேர்ப்பட்டவளை, அத்தனை ஜீப் வரிசையா நிக்கிறப்ப, "தள்ளிப் போடி, பாறைக்குப் பின்னாடி போய் நில்லு"ன்னு தெரு நாயை வெரட்டுற மாதிரி வெரட்டின. கிப்போட பொண்டாட்டி என்னைப் பாத்து ஒரு பரிதாபச் சிரிப்பு சிரிச்சா பாரு, அதுக்குப் பதிலா நீ ரெண்டு அறை விட்டிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். வீடு வர்ற வரைக்கும் அழக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— மார்வா...

— என்னை வெரட்டிட்டு என்னத்தைக் கிழிச்ச? வண்டி வெறி புடிச்ச மாதிரி குதிச்சு, நான் நின்னிருந்த கல்லு மேலயே ஏறி, ஷாஃப்ட் முறிஞ்சு பல்லை இளிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் கை காட்டியிருந்தா பூனை மாதிரி ஏறியிருக்கும்.

— ஏறியிருக்காது.

— ஏன் ஏறாது? என் கண்ணு அவிஞ்சு போச்சா?

— உன் கண்ணுல ஒரு குறையும் இல்ல.

— கை தப்பாக் காட்டிச்சா?

— உன் கை என்னிக்கும் தப்பாக் காட்டினதில்ல.

— அப்ப நான்தான் உனக்குப் புளிச்சுப் போயிட்டேன். வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்!

— கடவுளே! எதை எதோட முடிச்சுப் போடுற நீ?

— கேட்டுக்கோ வெண்டல். வர்ற சனிக்கிழமை ஈஸ்டர் ஜீப் ஓட்டம். நான் முன்னாடி நிப்பேன். இல்லேன்னா என் கையில இருக்குற இந்த ஜீப் சாவி கொலராடோ ஆத்துக்குள்ள போகும். அப்புறம் நீ அறுபது மாட்டினா என்ன, அறுநூறு மாட்டினா என்ன?

— சாவியைக் குடு.

— மாட்டேன்.

— வெளையாடாதே. நீ முன்னாடி நிக்கக் கூடாது.

— ஏன்?

— கூடாதுன்னா கூடாது! இதை மாட்ட விடு. அப்புறம் நான் எப்படி மிதிச்சாலும் தாங்கும். எதுவும் முறியாது. ஏன் முறிஞ்சுதுன்னு எவனும் வந்து கேக்க மாட்டான்.

— கேட்டா உனக்கென்ன? ஏய், இரு. நடக்காதே. தரையில என்ன அது?

— கியர் ஆயில்.

— கியர் ஆயில் இப்படிச் செவப்பா இருக்குமா? நீ நடந்த எடத்துல பூரா இருக்கு. நில்லுய்யா! அந்த ஸ்டூல்ல உக்காரு. பூட்ஸைக் காட்டு... ஐயோ, வெண்டல்! நீ வெட்டிப் போட்ட இரும்புத்துண்டு அடியில ஏறி, உள்ள வரைக்கும் போயிருக்கே! உனக்கு வலிக்கலையா?

— எந்தக் கால்ல?

— என்ன கேட்ட?

— எந்தக் கால்லன்னு கேட்டேன்.

— வெண்டல், என்னைப் பாரு. எப்பலேருந்து இப்படி?

— குளிர் ஆரம்பிச்சப்பலேருந்து. சர்க்கரைதான். முதல்ல பஞ்சு மேல நடக்குற மாதிரி இருந்துச்சு. இப்ப முழங்காலுக்குக் கீழ எதுவுமே தெரியல.

— டாக்டர் என்ன சொன்னாரு?

— வண்டியைத் தொடக்கூடாதுன்னாரு. தொடாம நான் என்ன பண்றது? காலையில எழுந்து சுவரைப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா?

— பாவி மனுஷா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. ஊரைக் கூட்டி என்னை அவமானப்படுத்தினியே, வீட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கலாமே!

— அன்னிக்கு நீ பம்பருக்கு முன்னாடி, கை நீட்டினா தொடுற தூரத்துல நின்னுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே "வா, வா"ன்னு என்னைக் கூப்பிட்ட, மார்வா. கால் ஆக்சிலேட்டர் மேல இருக்கா, பிரேக் மேல இருக்கான்னு எனக்குத் தெரியல.