டாக்டர் வெண்டலின் முதல் கேள்வி

– மீன் எண்ணெய் மாத்திரையை நிறுத்தியாச்சா? ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும், குறிச்சுக்குங்கம்மா. ஆஸ்பிரினும் ஆகாது.

– நிறுத்திட்டேன் வெண்டல்.

– டாக்டர்னு கூப்பிடுங்க. ஒருத்தர் ஒளிச்சு ஒளிச்சு முழுங்கிட்டு வந்துட்டார். தாடையில கத்தி வச்சா ரத்தம் நிக்கலை, ஒரே மீன் வாசனை. பாம் ஸ்பிரிங்ஸ் ஊர்ப் பூனையெல்லாம் என் கிளினிக் வாசல்ல வரிசை கட்டிடுச்சு. நர்ஸ் டோக்கன் குடுத்துத்தான் உட்கார வச்சா.

– போன வாரம் இதே கதையில பூனைக்குப் பதிலா கடல்நாய்னு சொன்னே.

– போன வாரமா? உங்களை இன்னிக்குத்தானேம்மா பார்க்கிறேன்.

– ஆகட்டும் டாக்டர். ஓட்ஸ் ஆறுது, சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க.

– தலைவழியா மாட்டுற சட்டை வேண்டாம், முன்னாடி பட்டன் வச்சதா எடுத்து வைங்க. ஃப்ரீசர்ல பட்டாணிப் பொட்டலம் இருக்கட்டும், வீக்கத்துக்கு ஒத்தடம். முதல் ராத்திரி கூட யார் இருப்பாங்க?

– என் தங்கச்சி வர்றா.

– வீட்டுக்காரர்?

– இருக்கார். பக்கத்துலயேதான் இருக்கார். என்னைப் பார்த்தா யாரோன்னு நினைக்கிறார்.

– அடடா, எல்லாரையும் முதல்ல கேட்கிற கேள்வியை விட்டுட்டேன். இதை யாருக்காகப் பண்ணிக்கிறீங்க?

– அவருக்காகத்தான்.

– அப்போ எழுந்து வீட்டுக்குப் போங்க. அடுத்தவங்க கண்ணுக்காக வந்த முகத்துல நான் கத்தி வச்சதே இல்லை.

– தெரியும். அதான் வேற டாக்டர்கிட்ட போறேன், வியாழக்கிழமை. வெண்டல், மேஜை மேல அந்த ஃபோட்டோவுல இருக்கிறது யாரு?

– என் மனைவி ஆர்லின். மார்க்கெட்டுக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா.

– அது முப்பத்தஞ்சு வயசு ஆர்லின். அதுக்கப்புறம் கேமராவைக் கண்டாலே நான் கையால முகத்தை மூடிக்கிட்டேன். நீ எவ்வளவோ கெஞ்சினே. கிழவியா ஒரே ஒரு ஃபோட்டோ இந்த மேஜையில இருந்திருந்தா, அதைப் பார்த்துப் பார்த்தாவது என்னைத் தெரிஞ்சுக்கிட்டிருப்பே. புத்தி கெட்டுப் போய் உன்னை எடுக்க விடலை. இப்ப அந்த டாக்டர்கிட்ட இதோட நகலைக் குடுத்து, இதே மாதிரி ஆக்கித் தாங்கன்னு கேட்டிருக்கேன்.

– அழாதீங்கம்மா. கண்ணுக்குக் கீழே வீங்கிடும். அதுக்குத் தனியா பில் போடுவாங்க.

– இந்த நிலைமையிலயும் என்னைச் சிரிக்க வச்சிடுறே.

– அப்படியே இருங்க. சிரிக்கிறப்ப இடது பக்க உதடு மட்டும் கொஞ்சம் கோணி, கன்னத்துல ஒரு கோடு விழுது. அந்த டாக்டர் முதல் வேலையா அதைத்தான் இழுத்து நேராக்குவார், விட்டுடாதீங்க. என் ஆர்லினுக்கும் அதே கோடு. ஃபோட்டோவுல தேடாதீங்க, அது வயசான பின்னாடி வந்தது. அதை வச்சுத்தான், அவ மார்க்கெட்லேருந்து வந்ததும் நான் அடையாளம் கண்டுபிடிக்கணும்.