யாருக்குத் தெரிவிக்கக் கூடாது

பாஸ்வேர்டைத் துண்டுத்தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எங்கள் சர்வே அலுவலகத்தில் பத்தொன்பது வருடங்களாக அந்தத் தாள்களைக் கிழித்துப் போடுகிறவன் நான்தான். முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பூட்டு' என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

என் வேலை என்னவென்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சர்வேயில் பதில் சொன்னவர்களின் பெயரும் முகவரியும் ஒரு பக்கம் இருக்கும். பதில்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் இணைப்பது ஓர் எண் மட்டுமே. பெயரைப் பார்க்கிறவர் பதிலைப் பார்க்க முடியாது. பதிலைப் படிக்கிறவருக்குப் பெயர் தெரியாது. யாருக்கு எந்தப் பக்கத்தைத் திறந்துவிடலாம் என்று மென்பொருளில் அனுமதி கொடுப்பவன் நான். ஒருமுறை இயக்குநரே வந்து கேட்டார். காரணத்தை எழுதித் தாருங்கள் என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த வருடச் சர்வே, கணவனின் அடிக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியேறிய பெண்களைப் பற்றியது. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறாரா என்று பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்த தேதியை வைத்துத்தான் பார்ப்போம். ஒரு தேதியில் கை நின்றுவிட்டது. என் மகள் பிறந்த தேதி. பெயரும் அவளுடையதுதான். பக்கத்திலேயே முகவரியும் இருந்தது.

கட்டிய துணியோடு போனவள். எட்டு மாதமாக எங்கே இருக்கிறாள் என்றே எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மருமகன் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அழுவார். "மாமா, ஒரே ஒரு தடவை அவகிட்ட பேசணும். கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடுவேன்." என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிற ஆள் இல்லை நான். பதில்கள் இருக்கும் பக்கத்துக்கு எனக்கே இருபது நிமிடம் அனுமதி கொடுத்துக்கொண்டேன். காரணம் கேட்கும் கட்டத்தில் 'முகவரி சரிபார்ப்பு' என்று எழுதினேன். மாதக் கடைசியில், யார் எதைத் திறந்தார்கள் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனும் நான்தான். போட்டேன்.

ஒன்று விடாமல் படித்தேன். கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதுண்டா என்ற கேள்விக்கு, 'உண்டு, மூன்று முறை.' யாரிடம் சொன்னீர்கள்? 'வீட்டில்.' என்ன சொன்னார்கள்? 'அப்பா அனுசரித்துப் போகச் சொன்னார்.' உண்மைதான், சொன்னேன். மனக்கசப்பில் இருக்கிறவர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை பொழுது விடிந்தால் போச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகவரியை ஒரு துண்டுத்தாளில் எழுதி மருமகன் கையில் கொடுத்தேன். "பாத்துப் பேசுங்க மாப்ள, அவ கோபக்காரி" என்றேன். என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பிணவறையில் அடையாளம் காட்டியதும் நான்தான். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு அவளுடைய இடது புருவத்தில் உண்டு. நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிடித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்த அன்றைக்கு விழுந்தாள். அந்தத் தழும்பை வைத்துத்தான் அவள் என்று சொல்ல முடிந்தது. நெஞ்சு வெடித்துவிடும் என்று நினைத்தேன். வெடிக்கவில்லை. நடந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

"அவ இருக்கிற இடத்த அவனுக்கு யாருங்க சொன்னது?" என்று மனைவி கேட்டாள். தெரியாது என்றேன். தினமும் கேட்கிறாள். அதைத் தாங்க முடியாமல்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பீர்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்தது நான்தான். ஆனால் அவள் வீடு திரும்ப வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர்கள் யாரும் கிடையாது.

இன்னும் ஒன்று பாக்கி. நீங்களே எப்படியும் கண்டுபிடிப்பீர்கள். பதிவின் கடைசியில், 'உங்கள் இருப்பிடத்தை யாருக்குத் தெரிவிக்கக் கூடாது?' என்று ஒரு கட்டம் இருக்கும். அவள் இரண்டு பேரைச் சொல்லியிருந்தாள். முதலில் கணவர். அடுத்தது அப்பா. கேட்டு எழுதிய பெண் வேலைக்குப் புதியவள், தவறாகப் பதிந்திருப்பாள். அந்தப் பிழையை அன்றைக்கே நான் திருத்திவிட்டேன்.